ஃபார்மல்ஸ் போட்டுட்டு வாங்க!

கூட்டம் 11 மணிக்கு. நாங்கள் 9.30-க்கே போய்விட்டோம். அப்படிப் போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று தெரியுமா!

வடபழனிப் பக்கம், மூன்றாவது மாடியில் ஒரு மினி ஹால். நிச்சயதார்த்தம், சீமந்தம், அறுபதாம் கல்யாணம் என்று வாடகைக்கு விடுகிற இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இன்டர்வியூ. வேலை தேடி ரெஸ்யூம் அனுப்பியவர்களுக்கு வாரக் கடைசியில் ஒரு போன் வரும். "உங்க புரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கு. சண்டே காலையில 11 மணிக்கு வர்றீங்களா, இல்ல சாயந்திரம் 4 மணி வசதியா? ஃபார்மல்ஸ் போட்டுட்டு வாங்க." என்ன வேலை, எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம் என்று கேட்டால், "அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம் சார்."

இப்படி ஒரு போனை நம்பி, சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இது வேலையே இல்லை, நெட்வொர்க் மார்க்கெட்டிங் என்று தெரிந்து திரும்பியவர்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவராவது இருப்பார்கள். திரும்பாமல் பணம் கட்டியவர்களும் இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் பார்த்தது மேடையின் முன்பக்கம். எனக்குப் பின்பக்கம் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

கூட்டிக்கொண்டு போன தம்பி, இரண்டு வருடம் இதே மாதிரி மேடைகளில் மைக் பிடித்தவர். விழுப்புரம் பக்கத்துக் கிராமம், மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். பெயர் போட வேண்டாம் என்றார். அந்த ஹாலில் நடப்பது எந்தக் கம்பெனியின் கூட்டம் என்பதையும் நான் எழுதவில்லை. இது ஒரு கம்பெனியின் கதை இல்லை. பலகையில் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே நடப்பது மாறுவதில்லை என்று தம்பி அடித்துச் சொல்கிறார். சீக்கிரம் வருகிற யாரையும் வாசலில் கேள்வி கேட்க மாட்டார்களாம். சீக்கிரம் வருகிறவர் என்றால் உள்ளே இருக்கும் ஆள் என்று அர்த்தம்!

"அக்கா, முதல்ல சேரை எண்ணுங்க" என்றார். எண்ணினேன். எழுபது. "இன்னிக்கு நூறு பேருக்கு மேல எதிர்பார்க்கிறாங்க. மிச்ச சேர் எங்கே இருக்கு பாருங்க." தூணுக்குப் பின்னால், சமையல்கட்டுப் பக்கம், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். வரப்போகிறவர்களைவிடக் குறைவாகத்தான் நாற்காலி போட வேண்டும் என்பது விதி. கூட்டம் தொடங்கிய பிறகு, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, இரண்டு பையன்கள் ஓடி ஓடி நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள். உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்ப்பார். "அடேயப்பா, இடமே இல்லாம வர்றாங்களே!" என்று தோன்றும். அந்த ஒரு நினைப்புக்காக அத்தனை ஏற்பாடு! எழுபது பேர் வந்து நூறு நாற்காலி போட்டிருந்தால் முப்பது காலி இருக்கை கண்ணை உறுத்துமே. என்ன நுட்பம்!

நான் சின்னப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நடந்தேன். கடைசி வரிசையில் கைப்பையும் துண்டும் போட்டு ஏன் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்? புதிதாக வருகிறவர் பின்னால் போய் ஒளிந்துகொள்ளக் கூடாது, முன்னால்தான் உட்கார வேண்டும் என்பதற்காக. இரண்டு நண்பர்கள் சேர்ந்து வந்தால்? பிரித்துவிடுவார்கள். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். "பக்கத்துல ஃபிரெண்டு இருந்தா முழங்கையால இடிச்சு, 'வாடா போலாம்'னு சொல்லிடுவான்கா. அந்த ஒரு இடிக்குத்தான் எங்க லீடருக்குப் பயம்." நண்பனுக்குப் பதிலாகப் பக்கத்தில் யார் உட்காருவார்? அழைத்து வந்தவர். அவருக்கு மூன்றே வேலை: சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது, கைதட்ட வேண்டிய இடத்தில் தட்டுவது, புதியவர் செல்போனை எடுத்தால் மெல்ல "முடிஞ்சதும் பாத்துக்கலாம் ப்ரோ" என்பது.

கைதட்டலுக்கு ஒத்திகை உண்டு என்று தெரியுமா? எனக்குத் தெரியாது! 10 மணிக்கு மேல் உள்ளே இருப்பவர்களை எல்லாம் கூப்பிட்டு நிற்க வைத்து, பாட்டுப் போட்டு, தட்டிப் பழகினார்கள். எந்தப் பட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கு இருக்கிறது. சில்வர் என்றால் உட்கார்ந்தபடி. கோல்டு என்றால் கொஞ்சம் பலமாக. டைமண்ட் மேடைக்கு வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். புதிதாக வந்தவர் என்ன செய்வார்? சுற்றிலும் எல்லோரும் எழுந்தால் அவரும் எழுந்துவிடுவார். இன்னும் பேச்சே தொடங்கவில்லை. அதற்குள் முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுந்து மரியாதை செய்தாகிவிட்டது.

இதில் 'ஏ-பி-சி' என்று ஒரு பாடம் இருக்கிறது. 'சி' புதிதாக வந்தவர். 'பி' அவரை அழைத்து வந்தவர். 'ஏ' மேலே இருக்கும் சீனியர், அதாவது அப்லைன். 'பி' ஒருபோதும் 'சி'க்குத் திட்டத்தை விளக்கக் கூடாது. 'ஏ'யைப் பற்றி வானளாவப் புகழ்ந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். "சார் ரொம்ப பிசி. உங்களுக்காக அஞ்சு நிமிஷம் கேட்டு வாங்கியிருக்கேன்." ஏன் இப்படி? கூடப் படித்தவன் சொன்னால் நாம் குறுக்குக் கேள்வி கேட்போம். முன்பின் தெரியாத, கோட்டு போட்ட, பெரிய ஆளிடம் கேட்கக் கூச்சப்படுவோம். அந்தக் கூச்சம்தான் அவர்களுக்கு வேண்டும். ஃபார்மல்ஸ் போட்டு வரச் சொல்வதும் இதற்காகத்தானாம்! டி-ஷர்ட்டில் வருகிறவர் வேடிக்கை பார்க்க வருகிறார். டக்-இன் செய்து ஃபைலோடு வருகிறவர் வேலை கேட்டு வருகிறார். வேலை கேட்டு வருகிறவர், எதிரில் இருப்பவருக்குத் தன்னைப் பிடிக்க வேண்டுமே என்றுதான் தவிப்பார். இந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறதா என்று யோசிக்கவே மாட்டார். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு சட்டையில் இவ்வளவு இருக்கிறதா?

தம்பியிடம் அவருடைய பழைய நோட்டு இன்னும் இருக்கிறது. நீல அட்டை, 200 பக்கம். அதைப் புரட்டியபோது நான் அடைந்த பரவசத்தை எப்படிச் சொல்ல! முதல் பத்துப் பக்கம் நேம் லிஸ்ட். சேர்ந்த அன்றே எழுதச் சொல்வார்கள்: தெரிந்தவர்கள் நூறு பேர். மாமா, சித்தப்பா, ஸ்கூல் ஃபிரெண்டு, ஹாஸ்டல் ரூம்மேட், டியூஷன் சார், மளிகைக் கடை அண்ணாச்சி. இதற்கு வார்ம் மார்க்கெட் என்று பெயர். அது தீர்ந்த பிறகு கோல்டு மார்க்கெட், அதாவது தெரியாதவர்கள். ஜாப் போர்ட்டலில் கிடைக்கும் ரெஸ்யூம், வேலைவாய்ப்பு முகாம், ஓ.எம்.ஆர். கம்பெனி வாசல்களில் வாக்-இன் வரிசை, மின்சார ரயில். தெரியாதவரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது? அதற்கும் ஒரு பக்கம். குடும்பம், வேலை, பொழுதுபோக்கு, பணம் என்று இந்த வரிசையில் கேட்க வேண்டும். தாம்பரத்தில் ஏறினால் மாம்பலம் வருவதற்குள் நாலும் முடிந்து, நம்பர் வாங்கியிருக்க வேண்டும்.

போன் பேசுவதற்குத் தனிப் பக்கம். நின்றுகொண்டு பேசு. சிரித்துக்கொண்டு பேசு. இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாதே. 'வருவீங்களா' என்று கேட்காதே, 11 மணியா 4 மணியா என்று கேள். கம்பெனி பெயர் சொல்லாதே. பொருளின் பெயரையும் சொல்லாதே. ஆர்வத்தைத் தூண்டு, விஷயத்தைச் சொல்லாதே. இந்தக் கடைசி வரிக்குச் சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு!

அதற்கப்புறம் வருவது மறுப்புப் பக்கங்கள். வந்தவர் என்னவெல்லாம் சொல்லி நழுவப் பார்ப்பார், அதற்கு என்ன பதில் என்று இடமும் வலமுமாகக் கோடு போட்டு எழுதியது. 'வீட்டில் கேட்க வேண்டும்' என்றால், 'நீங்களே முழுசாப் புரிஞ்சுக்காம வீட்ல சொன்னா அவங்களுக்கு எப்படிப் புரியும்? முதல்ல பணம் கட்டி ஐடி போடுங்க, ரெண்டு மாசம் கழிச்சுச் சம்பாதிச்சுக் காட்டுங்க.' 'பணம் இல்லை' என்றால், 'பணம் இல்லாததால்தானே இதைச் செய்யணும்?' அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: அம்மா செயின், ஃபிரெண்டு, பைக் ஆர்.சி., லோன் ஆப். படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. 'இது சங்கிலித் தொடர்தானே' என்றால், 'நீங்க வேலைக்குப் போற கம்பெனியும் பிரமிடுதானே? மேலே எம்.டி., கீழே மேனேஜர், அதுக்குக் கீழே நீங்க.'

இந்தக் கடைசிப் பதிலில் எத்தனை பேர் வாயடைத்துப் போயிருக்கிறார்கள்! ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். கம்பெனியில் கடைசிப் படியில் இருக்கும் கிளார்க், சேருவதற்குப் பணம் கட்டவில்லை. மாதம் பிறந்தால் காசு மேலிருந்து அவர் கைக்கு இறங்குகிறது. இங்கே காசு கடைசிப் படியில் கிளம்பி மேலே ஏறுகிறது. படம் ஒன்றுபோல இருக்கலாம். காசு ஓடும் திசை நேர் எதிர்.

அந்தத் திசையை முதலில் வரைந்தவர்கள் யார் என்று தேடிப் போனால் அங்கேயும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா. கார்ல் ரென்போர்க் என்பவர் 1934-இல் வைட்டமின் மாத்திரைக் கம்பெனி தொடங்கினார். பின்னால் நியூட்ரிலைட் என்று பெயர் மாறியது. 1945-இல் அதை விற்கும் உரிமையை இரண்டு பேர் எடுத்தார்கள். விற்றால் கமிஷன், விற்கிறவரைச் சேர்த்துவிட்டால் அவர் விற்பதிலும் கமிஷன் என்ற அடுக்குமுறையை அமைத்தவர்கள் அவர்கள்தாம். ஒருவர் லீ மைட்டிங்கர், கல்லறைத் தோட்டத்தில் இடம் விற்றவர். இன்னொருவர் வில்லியம் கேசல்பெரி, உளவியல் படித்தவர். விற்பனையாளர் ஒருவர், மனசைப் படித்தவர் ஒருவர்! தம்பியின் நோட்டைப் பார்த்த கண்ணோடு இதைப் படித்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் அப்பன் யார் என்று தெரிந்துவிடுகிறது. 1949-இல் அந்த நியூட்ரிலைட்டை விற்கச் சேர்ந்த ஜே வான் ஆண்டல், ரிச் டிவோஸ் என்ற இரண்டு நண்பர்கள் 1959-இல் மிச்சிகனில் ஆம்வேயைத் தொடங்கினார்கள். அது 1998-இல் இந்தியாவில் வியாபாரத்தை ஆரம்பித்தது. நம் திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையில் அதற்குத் தொழிற்சாலையே இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'பொருள் இருக்கு, ஃபேக்டரி இருக்கு, அப்புறம் எப்படி மோசடி ஆகும்?' என்பது எல்லா ஹால்களிலும் ஒலிக்கிற கேள்வி. பொருள் இருக்கிறதா என்பதோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. காசு எதிலிருந்து வருகிறது என்று பார்க்கிறது. பரிசுச் சீட்டு, பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-லேயே வந்துவிட்டது; மூன்றாண்டு வரை சிறை. ஆம்வேயின் திட்டம் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது என்று 2007-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் கண்டது. 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை அந்த நிறுவனத்தின் 757.77 கோடி ரூபாய்ச் சொத்துகளை முடக்கியது. தன் முறை சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று நிறுவனம் சொல்லிவருகிறது.

சரி, ஹாலுக்கு வருவோம். 10.30. வெள்ளைப் பலகை வந்துவிட்டது! என்ன எழுதுவார்கள் என்று தம்பி முன்கூட்டியே ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தார்; ஒன்றுகூடத் தப்பவில்லை. முதலில் நாற்பது நாற்பது நாற்பது. வாரம் 40 மணி நேரம், 40 வருஷம் உழைத்து, கடைசியில் 40 சதவீதச் சம்பளத்தில் ஓய்வு பெறுவதுதான் வேலை என்பது. வேலை தேடி வந்தவரிடம் வேலையை மட்டம் தட்டுவது முதல் அங்கம். அடுத்து ஒரு கூட்டல் குறி, நாலு கட்டம். ராபர்ட் கியோசாகியின் புத்தகத்திலிருந்து எடுத்த படம் அது: இடப்பக்கம் சம்பளக்காரர், சொந்தத் தொழில்காரர், வலப்பக்கம் பிசினஸ்காரர், முதலீட்டாளர். 'நீங்க எந்தப் பக்கம்?' மூன்றாவதாகத்தான் திட்டம். உங்களுக்குக் கீழே லெஃப்டில் ஒருவர், ரைட்டில் ஒருவர். அவர்களுக்குக் கீழே இரண்டிரண்டு பேர். ஜோடி சேரச் சேரக் கமிஷன்.

அந்தப் பலகையில் எப்போதும் நாலு வரிசைக்கு மேல் வரைய மாட்டார்களாம். "ஏன்?" என்றேன். "அஞ்சாவது வரிசைக்கு போர்டுல இடம் இருக்காதுக்கா" என்று தம்பி சொல்லிவிட்டுத் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு ராத்திரி தூக்கம் வராமல் அவரே போட்ட கணக்கு. ஐயோ, இதை எல்லா ஊர்ச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது எனக்கு!

முதல் வரிசையில் ஒருவர். இரண்டாவதில் 2. மூன்றாவதில் 4. பத்தாவது வரிசையில் 512. இருபதாவதில் 5,24,288. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. 26 வரிசை நிரம்பினால் 6.71 கோடிப் பேர் உள்ளே வந்திருப்பார்கள். 27-வது வரிசைக்கு மட்டும் இன்னொரு 6.71 கோடிப் பேர் வேண்டும். தமிழ்நாட்டில் அவ்வளவு ஆள் மீதி இல்லை! தொட்டில் குழந்தையிலிருந்து தொண்ணூறு வயசுப் பாட்டி வரை ஐடி போட்டாலும் பற்றாது.

அது பாதிக் கணக்குதான். மீதிப் பாதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எந்த வரிசையில் நிறுத்தினாலும், கடைசி வரிசையில் இருப்பவர்களின் எண்ணிக்கை மேலே இருக்கும் எல்லோரையும் கூட்டினால் வருவதைவிட ஒன்று அதிகம். நாலு வரிசை என்றால் மேலே 7, கடைசியில் 8. பத்து வரிசை என்றால் மேலே 511, கடைசியில் 512. அதாவது, திட்டம் கனவு மாதிரி கச்சிதமாக நடந்தாலும், எல்லோரும் உயிரைக் கொடுத்து உழைத்தாலும், எந்த நாளிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கீழே ஓர் ஆள்கூட இருக்காது. அவர்கள் சோம்பேறிகள் என்பதால் இல்லை. வரைபடமே அப்படி. 'உழைக்கலை, அதான் வரலை' என்று மேடையில் சொல்லிச் சொல்லி, எத்தனை பிள்ளைகள் தங்களையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்! அவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும்.

காகிதத்தில் போட்ட இந்தக் கணக்கை நிஜத்திலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2024 செப்டம்பரில், இதுபோன்ற 70 கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமானக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு வருஷம் முழுக்க வந்தது 1,000 டாலர் அல்லது அதற்கும் கீழே. 17 கம்பெனிகளிலாவது பெரும்பாலோருக்கு ஒரு சல்லிக்காசும் வரவில்லை. கையிலிருந்து செலவழித்ததைப் பல கம்பெனிகள் கணக்கிலேயே காட்டவில்லை.

கையிலிருந்து செலவு! அன்றைக்கு நான் பார்த்ததிலேயே என்னை உலுக்கியது இதுதான். நாற்காலி போட்டுக்கொண்டிருந்த பையன்களைக் காட்டி, "இவங்களுக்கு ஒரு நாளைக்கு என்ன கொடுக்கிறாங்க?" என்று கேட்டேன். தம்பி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "கொடுக்கிறதா? அவங்கதான்கா கொடுக்கணும்." உள்ளே வரும் ஒவ்வோர் உறுப்பினரும் டோக்கன் வாங்க வேண்டும். அந்தக் காசில்தான் ஹால் வாடகை, மைக் செட், டீ. வாசலில் பெயர் எழுதும் பெண், போனில் எச்.ஆர். என்று பேசிய பெண், பாட்டுப் போடுகிற பையன், டீ கொடுக்கிற பையன், முன்வரிசையில் விசில் அடிக்கிறவர், மேடையில் 'போன மாசம் எனக்கு வந்த செக்' என்று காட்டுகிறவர், எல்லோரும் போன வருஷம் இதே மாதிரி ஃபைலோடு ஏறி வந்தவர்கள். வேலை கிடைக்காதவர்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. வேலை தேடுகிறவர்களுக்காக, வேலை தேடுகிறவர்களே, தங்கள் சொந்தக் காசில் நடத்துகிற நிகழ்ச்சி அது!

எனக்கு அந்த இடத்தில் கோபமும் வியப்பும் சேர்ந்து பொங்கியது. ஏனென்றால் அவர்கள் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறார்கள்! நூறு பேர் கூட்டத்தை ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் நடத்துகிறார்கள். தொகுத்து வழங்கப் போகிற பெண் திருமுட்டம் பக்கம், பி.காம். கல்லூரியில் செமினார் எடுக்கச் சொன்னால் அழுதுவிடுவாராம். இப்போது காகிதம் இல்லாமல் முக்கால் மணி நேரம் பேசுகிறார். மாடிப்படி ஓரத்தில் நின்று கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சொல்லில் குரலை இறக்குவது, எங்கே நிறுத்துவது என்று அவ்வளவு நேர்த்தி. இந்தத் திறமைக்கு ஒரு பயிற்சி நிறுவனமோ, ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளரோ, மாதச் சம்பளம் கொடுப்பார்கள். அந்த ஹாலில் அவர் டோக்கன் வாங்கி உள்ளே வந்திருந்தார். நாம் இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் 'ஏமாந்த பணம்' என்றே பேசுகிறோம். அதோடு சேர்த்து ஏமாந்த உழைப்பையும் பேச வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். இளம் பிள்ளைகளின் இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அவை.

இப்படி உழைத்துக் கொட்டியவர்களால் அதை விட்டுக்கொடுக்க முடிவதும் இல்லை. 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் நடந்தது நினைவிருக்கிறதா? செல்போனில் விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன மைவி3 ஆட்ஸ் மீது போலீஸ் வழக்குப் பதிந்தபோது, அந்தக் கம்பெனிக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் பைபாஸ் சாலை ஓரம் திரண்டு நின்றார்கள். பலரும் வியந்தார்கள். தம்பி வியக்கவில்லை. "நான் போட்ட பணம் திரும்பணும்னா கம்பெனி நிக்கணும்ல? நானா இருந்தா நானும் போயிருப்பேன்கா."

11 மணிக்குக் கொஞ்சம் முன்னால் கூட்டம் ஏறி வர ஆரம்பித்தது. புதுச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, பிளாஸ்டிக் ஃபைல். ஒரு பையனின் ஃபைலில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரை எல்லாம் அசல். தம்பி தாங்க முடியாமல் அவனை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, ஒரிஜினலை யார்கிட்டயும் குடுக்காதே. உள்ள போய் ஒண்ணே ஒண்ணு கேளு. 'நான் யாரையும் சேர்க்காம, பொருளை மட்டும் வித்தா எனக்கு மாசம் என்ன வரும்? அப்படிச் சம்பாதிச்ச ஒருத்தரோட போன மாச பேங்க் கணக்கைக் காட்டுங்க.' அதை மட்டும் கேளு." நோட்டின் அத்தனை மறுப்புப் பக்கங்களிலும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதப்படவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லவே இல்லை!

கேட்பதற்கு இன்னும் சில இருக்கின்றன. வெளியே டீக்கடையில் தம்பியும் நானும் சேர்ந்து பட்டியல் போட்டோம். நேரடி விற்பனைக்கு மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட நெறிமுறையிலேயே, சேருவதற்கு நுழைவுக் கட்டணம் கூடாது, ஆள் சேர்ப்பதற்காகக் காசு கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. 2021 டிசம்பர் 28-இல் அதுவே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதிகளாக வந்தது. பிரமிடு திட்டமும் பணச்சுழற்சியும் தடை. விற்க வருகிறவரிடம் அடையாள அட்டை இருக்க வேண்டும், முன்கூட்டி நேரம் கேட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும். சேர்ந்த பிறகு மனசு மாறினால் விலகிக்கொள்ள அவகாசம் உண்டு. ஒப்பந்தத்தில் அது எத்தனை நாள் என்று எழுதியிருக்க வேண்டும். ஒப்பந்தமே தரவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் ஆன்லைனில் போயிருந்தால் 1930. 'டிரெய்னிங் வெளியூரில், தங்க, சாப்பிட இவ்வளவு ஆயிரம் கொண்டுவா' என்று கூப்பிட்டால் கிளம்பவே வேண்டாம். வேலை கொடுக்கிற யாரும் வேலைக்கு வருகிறவரிடம் காசு கேட்பதில்லை.

தம்பி எப்படி வெளியே வந்தார் என்று கேட்கிறீர்களா? கடைசிப் பக்கக் கணக்கைப் போட்ட பிறகு அவரால் மைக்கைத் தொட முடியவில்லை. திருவள்ளூர் பக்கம் ஒரு கிடங்கில் இன்டர்வியூ. நடுவில் இரண்டு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். மறைக்கலாமா என்று ஒரு கணம் தயங்கிவிட்டு, இருந்ததை இருந்தபடி சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் நூறு பேரை வரவழைத்து, உட்கார வைத்து, நேரத்துக்கு முடித்து அனுப்பியிருக்கிறேன், சம்பளமே இல்லாமல் என்று. கேட்ட மேனேஜர் சிரித்துவிட்டு, "சம்பளத்தோட செஞ்சு பாரு" என்றாராம்! இப்போது ஒரு ஷிஃப்டுக்கு லோடு ஏற்றுகிற ஆட்கள் எல்லாம் இவர் பொறுப்பில். நேம் லிஸ்டில் இருந்து தான் சேர்த்துவிட்டவர்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வருகிறார். ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு முடிந்துவிட்டது, மாமாவுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

கிளம்பும்போது திருமுட்டத்துப் பெண்ணின் நம்பரைத் தம்பி யாரிடமோ கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். "எங்க ஆபீஸ்ல டிஸ்பேட்ச் டெஸ்க்குக்கு ஆள் எடுக்கிறாங்கக்கா. நாள் பூரா டிரைவருங்ககிட்டப் பேசணும், நல்லாப் பேசத் தெரிஞ்சவங்க வேணும். சம்பளம் 17,000, பி.எஃப். உண்டு. இன்னிக்கே போன் பண்ணி இதை முதல்ல சொல்லிடப் போறேன்."